கடைவாய்க்கு எந்தக் கிரவுன்? எதிர்ப்பல்லின் பக்கம் நின்று ஒரு மதிப்பீடு

ரூட் கெனல் முடிந்த கடைவாய்ப்பல்லுக்குக் கிரவுன், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை, போட வேண்டும் என்றதும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பல் டொக்டரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எவ்வளவு முடியும்? எத்தனை வருஷம் இருக்கும்? அந்தக் கிரவுனை நாள் முழுக்கக் கடிக்கப்போகும் எதிர்ப்பல்லை யாரும் நினைப்பதில்லை. கிரவுன் உடைந்தால் இன்னொன்று செய்யலாம். எதிர்ப்பல்லின் எனாமல், நம் பாடப்புத்தகங்கள் மிளிரி என்று சொல்வது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உண்டாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே இல்லாமல் போய்விடுகின்றன. அதனால் இங்கே கிடைக்கும் சாமான்களுக்கு எதிர்ப்பல்லை வைத்தே புள்ளி போடுகிறோம்.

முதலில் அளவுகோல். எனாமலும் எனாமலும் உரசினாலும் தேய்மானம் உண்டு. கடைவாய்ப்பல்லில் ஆண்டுக்குச் சுமார் 29 மைக்ரோன், முன்கடைவாய்ப்பல்லில் சுமார் 15 மைக்ரோன் என்று அளந்திருக்கிறார்கள். 1,000 மைக்ரோன் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீற்றர். கடைவாய்ப்பல்லின் முகடுகளில் எனாமல் சுமார் 2 மி.மீ. தடிப்பில் இருப்பதால் அந்த வேகம் ஒரு வாழ்நாளுக்குத் தாங்கும். நல்ல சாமான் என்றால் எதிர்ப்பல்லை ஏறக்குறைய இதே வேகத்தில் தேய்க்க வேண்டும், தானும் அதே அளவுக்குத் தேய வேண்டும்.

இந்த அளவுகோலில் கடைசி இடம், உள்ளே உலோகமும் கடிக்கும் பரப்பில் போர்சலினும் வைத்த கிரவுனுக்கு. பல ஆண்டுகளாக நம் ஊர்களில் அதிகம் போடப்பட்டு வந்ததும் இதுதான். போர்சலின் ஒரு கண்ணாடி. அது மழுங்கித் தேயாமல் துணுக்குத் துணுக்காகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் கூர்விளிம்புகள் எழும்பும், பெயர்ந்த துகள்களும் இரு பற்களுக்கும் நடுவே மணல் போல அகப்பட்டு அரைக்கும். போதாததற்கு, உலோகத்துக்கும் போர்சலினுக்கும் சேர்த்து இடம் வேண்டுமென்பதால் கடிக்கும் பரப்பில் சொந்தப் பல்லை 1.5 முதல் 2 மி.மீ. வரை வெட்ட வேண்டியிருக்கிறது.

அதே கிரவுனில் கடிக்கும் பரப்பை மட்டும் உலோகமாக விட்டு, கன்னப் பக்கத்தில் போர்சலின் வைத்தால் நிலைமை மாறிவிடும். வெட்டு குறையும், எதிர்ப்பல்லும் பிழைக்கும். சிரிக்கும்போது வெளியே தெரியாத இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குக் கையில் உள்ள காசுக்குள் கிடைக்கும் மிக நேர்மையான தெரிவு இது என்பது எங்கள் தீர்ப்பு. கறுப்பாகத் தெரியுமே என்று தயங்கி இதை விடுபவர்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. ஒரு எச்சரிக்கை: மலிவான கலப்புலோகங்களில் நிக்கல் இருக்கும். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கும் ஆட்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தங்கக் கலப்புலோகம் இதையெல்லாம்விட மேல், எனாமலோடு ஒத்துத் தேய்வதில் அதற்கு ஈடு கிடையாது. விலைதான் தடை.

இனி சேர்கோனியா என்ற வெள்ளை நிறப் பீங்கான் வகை. "அது கல்லு மாதிரி, எதிர்ப்பல்ல தின்னுடும்" என்ற பயம் பரவலாக உண்டு. கடினத்தை மட்டும் பார்த்தால் பயம் நியாயமாகவே தோன்றும். விக்கர்ஸ் அளவில் எனாமல் சுமார் 300, சேர்கோனியா 1,200க்கும் மேல். ஆனால் தேய்மானத்தைத் தீர்மானிப்பது கடினத்தைவிடப் பரப்பின் வழுவழுப்பு. அரம் இரும்பைத் தின்பது அதன் பற்களால். அதே கடினமுள்ள வழுவழுப்பான உருக்குத் தகடு எதையும் அராவாது. சேர்கோனியாவின் மணிகள் மிக நுண்ணியவை, இறுக்கமானவை. நன்றாகப் பொலிஷ் செய்த பரப்பு துணுக்காகப் பெயராமல் வழுவழுப்பாகவே நிற்கும். போர்சலினைவிட எதிர்ப்பல்லுக்கு அது சாதுவானது என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று கிளேஸ். கிரவுன் செய்யும் லெப்பில் மினுக்கத்துக்காகப் பூசிச் சுடும் இந்தக் கண்ணாடிப் படலம் கடியில் சில மாதங்களில் தேய்ந்துபோகும். கீழே பொலிஷ் செய்யாத சேர்கோனியா இருந்தால் அந்தச் சொரசொரப்பு அப்போது வெளியே வந்து வேலையைக் காட்டும். ஆகவே லெப்புக்குப் போகும் துண்டில் "கடிக்கும் பரப்புக்குப் பொலிஷ் மட்டும், கிளேஸ் வேண்டாம்" என்று எழுதச் சொல்வது நல்லது.

இரண்டாவது, கடி சரிபார்க்கும் அந்தப் பத்து நிமிடம். அளவெடுத்த அச்சு கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்பும் இடங்களில், கிரவுன் கொஞ்சம் உயரமாக வந்தால் மறுபடி அனுப்ப யாரும் விரும்புவதில்லை. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இன்னொரு பயணம் என்றால் இன்னொரு நாள் சம்பளம் போய்விடும். எனவே டயமண்ட் துகள் பதித்த சுழல்முனை கொண்டு கதிரையிலேயே தேய்ப்பார்கள். அதில் தப்பில்லை, தேய்த்ததோடு விடுவதுதான் தப்பு. முறை இதுதான்: சேர்கோனியா பலமானது என்பதால் சிமெந்து வைக்குமுன்பே கடி பார்க்கலாம். பற்களைத் துடைத்து உலர்த்தி, கடி படும் இடத்தில் நிறம் ஒட்டும் 40 மைக்ரோன் நிறத்தாளைக் கடிக்க வைக்க வேண்டும். கறை பட்ட இடத்தை மென்மணி டயமண்டால், தண்ணீர் பீச்சியபடி, அழுத்தாமல் எடுக்க வேண்டும். சூடேறினால் சேர்கோனியாவின் படிக அமைப்பு மாறி நுண்வெடிப்புகள் விழும். பிறகு டயமண்ட் கலந்த ரப்பர் பொலிஷர்கள்: முரடு, நடுத்தரம், மென்மை என்று மூன்றும், வரிசை தாண்டாமல். கடைசியாக டயமண்ட் பேஸ்ட், பிரஷ். சாதாரண போர்சலின் பொலிஷர் இதற்குப் போதாது, பளபளப்பு வந்தது போலத் தோன்றும், கீறல் அப்படியே இருக்கும். "டொக்டர், கடி சரிபார்த்துத் தேச்ச பிறகு திரும்ப பொலிஷ் பண்ணுவீங்கதானே?" என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். நல்ல டொக்டர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அழகில் முந்தும். முன்கடைவாய்ப்பல் வரைக்கும் நம்பலாம். பொலிஷ் விதி அதற்கும் உண்டு, ஆனால் அதை ஒட்டிய பிறகுதான் கடி பார்க்க வேண்டும், ஒட்டாமல் கடித்தால் விரிசல் விடலாம்.

அடைப்புகளில் நிலைமை தலைகீழ். அங்கே தேய்வது பெரும்பாலும் அடைப்புத்தான். பல் நிறத்தில் வைத்து ஒளியால் இறுக்கும் கொம்போசிட்டில் பிசின் முதலில் தேய்ந்து இறங்கும், பிடிமானம் போன மணிகள் பின்னால் கழன்று விழும். 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் முழு நேரம் ஒளி காட்டாவிட்டால் இது இன்னும் வேகமாகும். ஒளி விளக்கின் பலம் குறைந்திருந்தால் மேலே கல்லாகவும் கீழே மாவாகவும் இருக்கும். கிளாஸ் அயனோமர் புளோரைட் விடும், பிள்ளைகளின் பாற்பல்லுக்கும் பல்லின் கழுத்துக்கும் அருமையானது, கடைவாயின் கடிக்கும் பரப்பில் அதை நிரந்தரமாக விடக் கூடாது. அது குழிந்ததும் எதிர்ப்பல் அந்த இடத்துக்குள் இறங்கத் தொடங்கும். பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பான அமல்கம் எதிர்ப்பல்லை நோகடிக்காத பழைய சாமான். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு அது பின்வாங்கி வருகிறது.

எந்தச் சாமானாக இருந்தாலும் வாயின் பழக்கம் கணக்கை மாற்றிவிடும். வெற்றிலை போடும் வாயில் பாக்கு நாள் முழுக்க அரைபடுகிறது. அங்கே போர்சலின் வேண்டவே வேண்டாம், கொம்போசிட் கறை பிடித்து மெலியும், உலோகப் பரப்புத்தான் சரி. பாக்கை முழுசாகக் கடித்து உடைப்பதை விட்டு, சீவலாகப் போட்டாலே பல்லின் சேதம் ஓரளவு குறையும். வெறும் பிளேன்டீயால் எனாமலுக்குப் பயமில்லை. தேசிக்காய் பிழிந்து அடிக்கடி குடித்தாலோ, அச்சாறும் சோடாவும் தினமும் என்றாலோ எனாமல் மேற்பரப்பு மென்மையாகி, அதன்மேல் எந்தக் கிரவுனும் வேகமாக உராயும். புளிப்புச் சாப்பிட்டால் தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும். கரியும் செங்கல் தூளும் பல்லுக்கு உப்புத்தாள். நுவரெலியாக் குளிரில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் பட்டதும் ஒரே பல் சுரீர் என்றால், எதிரே கிரவுன் இருக்கிறதா, அந்தப் பல்லில் தட்டையான மினுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் மஞ்சள் தெரிந்தால் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டீன் வெளியே வந்துவிட்டது. எனாமலைவிடப் பல மடங்கு மென்மையான டென்டீன் அதன் பிறகு கிண்ணம் போலக் குழியும்.

ஈறையும் பார்த்த பிறகே கிரவுனுக்குக் காசு கட்ட வேண்டும். 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள் நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. பல் சிகிச்சையே இல்லாத அந்த ஆண்களில் 8 வீதத்தினருக்குப் பற்களைத் தாங்கும் இழையம் மிக வேகமாக அழிந்தது, 81 வீதத்தினருக்கு மிதமாக, 11 வீதத்தினருக்கு ஈறழற்சியைத் தாண்டவில்லை. ஆடும் பல்லில் கடி நிலைக்காது, இன்று சரிபார்த்த கடி ஆறு மாதத்தில் வேறாகும்.

இரவில் பல் நெறிப்பவர்கள் சேர்கோனியாவோ உலோகமோ போட்டாலும், சுமார் 2 மி.மீ. தடிப்புள்ள கடின அக்ரிலிக் தகடு ஒன்று செய்து படுக்கும்போது போட வேண்டும். வாய் முழுக்கத் தேய்ந்து கடியே இறங்கியிருந்தால் ஒற்றைக் கிரவுனால் தீராது, பேராதனைப் போதனாப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதே சரி.

ஏற்கனவே போர்சலின் கிரவுன் போட்டவர்கள் அதைக் கழற்ற ஓட வேண்டாம். நாக்கு நுனியால் கடிக்கும் பரப்பைத் தடவிப் பாருங்கள். பக்கத்துச் சொந்தப் பல்லைவிடச் சொரசொரப்பாக இருந்தால் கிரவுனை வாயில் வைத்தபடியே போர்சலினுக்கான பொலிஷர்களால் மறுபடி மெருகேற்றலாம். ஒரே ஒரு தடவை போனால் முடிகிற வேலை, மரக்க வைக்கும் ஊசியும் பொதுவாகத் தேவைப்படாது. அடுத்த வருஷம் அதே இடத்தை மறுபடி தடவிப் பார்க்க வேண்டும்.