தடுத்தது எது, விடுவிப்பது எப்படி: பிஎஃப்பிளாக்கர், ஓபிஎன்சென்ஸ், சூரிக்காட்டா, க்ரவுட்செக் ஓர் ஒப்பீடு

ஃபயர்வாலில் ஐபி பிளாக்லிஸ்ட் (தடுக்க வேண்டிய முகவரிகளின் பட்டியல்) போடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஸ்பாம்ஹவுஸ் ட்ராப், ஃபயர்ஹோல், டிஷீல்ட் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களின் (ஃபீட்) நாலு லிங்க்கை ஒட்டினால் வேலை முடிந்தது. தலைவலி மறுநாள்தான் ஆரம்பிக்கும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "சார், சப்ளையர் போர்ட்டல் ஓப்பன் ஆகமாட்டேங்குது, மொபைல் டேட்டாவுல மட்டும் ஆகுது" என்பார். தடுத்தது எந்தப் பட்டியல் என்று பிடிக்க வேண்டும், அந்த ஒரு முகவரியை மட்டும் விடுவிக்க வேண்டும், மற்ற தடைகள் அசையக் கூடாது. இந்த மூன்றையும் எது எளிதாகச் செய்ய விடுகிறது என்பதை மட்டும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். எத்தனை லட்சம் முகவரிகளைத் தடுக்கிறது என்ற விளம்பரக் கணக்கு எனக்கு வேண்டாம்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃபயர்வால் மென்பொருள்கள். முக்கியப் போட்டி, பிஎஃப்சென்ஸில் கூடுதல் பேக்கேஜாக ஓடும் பிஎஃப்பிளாக்கர்என்ஜிக்கும் (சுருக்கமாக பிஎஃப்பிளாக்கர்) ஓபிஎன்சென்ஸின் சொந்த அலையஸ் (முகவரித் தொகுப்புக்கு வைக்கும் பெயர்) வசதிக்கும் இடையில்தான். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் வெளிவந்தது ஓபிஎன்சென்ஸ். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஓபன்பிஎஸ்டியில் உருவான பிஎஃப் என்கிற அதே பாக்கெட் ஃபில்டர். இருந்தும் விலக்கு கொடுக்கிற விஷயத்தில் இரண்டும் எதிரெதிர் திசை. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் சூரிக்காட்டாவும், லினக்ஸ் சர்வர்களில் லாகைப் பார்த்துத் தடுக்கும் ஃபெயில்2பேன், க்ரவுட்செக் இரண்டும் பக்கவாட்டில் வந்து போகும்.

கண்டுபிடிப்பதில்

இதில் பிஎஃப்பிளாக்கர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ரிப்போர்ட்ஸ் பகுதியில் அலர்ட்ஸ் டேபைத் திறந்தால் தடுக்கப்பட்ட ஒவ்வொரு இணைப்பும் ஒரு வரி: எந்த ஐபியிலிருந்து எந்த ஐபிக்கு, எந்த நாடு, எந்த ரூல், எந்த ஃபீட். முக்கியமாக, அந்த ஐபி தனி முகவரியாகவே ஃபீடில் இருந்ததா, அல்லது /20 மாதிரி ஒரு வரம்புக்குள் (/32 என்றால் ஒரே முகவரி, எண் குறையக் குறைய வரம்பு பெரிது) சிக்கிக்கொண்டதா என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். இந்தக் கடைசித் தகவல் இல்லாமல் சப்ரஷனை (பிஎஃப்பிளாக்கரின் விலக்குப் பட்டியல்) தொடுவது வீண்வேலை. ஏன் என்பது கீழே வரும்.

ஓபிஎன்சென்ஸின் லைவ் வியூ வேகமானது, ஃபில்டர் போட வசதியானது. ஆனால் அது காட்டுவது ரூலின் பெயரைத்தான். ஆறு ஃபீடுகளை ஒரே அலையஸில் கொட்டி ஒரே பிளாக் ரூல் போட்டிருந்தால், 'பிளாக்லிஸ்ட்' தடுத்தது என்று சொல்லிவிட்டு நிற்கும். ஆறில் எது என்பது தெரியாது. ஃபீடுக்கு ஒரு அலையஸ், அலையஸுக்கு ஒரு ரூல், ரூலுக்கு ஒழுங்கான விளக்கம் என்று முதல் நாளே பிரித்துவைத்தால் இந்தக் குறை பாதி தீரும். மீதிக்கு ஃபயர்வால் டயக்னாஸ்டிக்ஸில் அலையஸ் பக்கம் இருக்கிறது: அங்கே ஒரு முகவரியைக் கொடுத்துத் தேடினால் அது எந்தெந்த அலையஸில் அகப்படுகிறது என்று சொல்லும். ரொம்பப் பேர் இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இரண்டிலுமே அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சிக்கிய கணினியில் உட்கார்ந்து, அந்தத் தளத்தின் பெயருக்கு என்ன ஐபி வருகிறது என்று பாருங்கள். 10.10.10.1 அல்லது 0.0.0.0 என்று வந்தால் ஐபி பட்டியலுக்கும் இந்தச் சிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் அளவிலேயே டிஎன்எஸ் தடைப்பட்டியல் பிடித்துவிட்டது. 10.10.10.1 என்பது பிஎஃப்பிளாக்கரின் டிஎன்எஸ்பிஎல் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொய் முகவரி. இதைப் பார்க்காமல் ஐபி சப்ரஷனில் என்ன எழுதினாலும் அந்தத் தளம் வராது.

விடுவிப்பதில்

இங்கேதான் கதை தலைகீழாகிறது. பிஎஃப்பிளாக்கரின் அலர்ட்ஸ் வரியில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தினால் முகவரி சப்ரஷன் பட்டியலுக்குப் போய்விடும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியல் ஐபிவி4 முகவரிகளை மட்டும், அதுவும் /32 அல்லது /24 ஆக மட்டுமே ஏற்கும். பட்டியல் ஏறும் முன்பே அந்த முகவரியைக் கத்தரித்து எடுப்பதுதான் அதன் வேலை. ஃபீடில் /24 இருந்து நீங்கள் ஒரே ஒரு /32ஐ விடுவித்தால், அந்த /24ஐ உடைத்து மற்ற முகவரிகளைத் தனித்தனியாக உள்ளே வைக்கும். /23, /20, /16 என்று பெரிய வரம்பாக இருந்தால் கத்தரிக்காது. நாடு வாரியான தடையிலும் கத்தரிக்காது. ஸ்பாம்ஹவுஸ் ட்ராப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், /24ஐ விடப் பெரிய வரம்புகள் அதில் ஏராளம். அப்படி ஒன்றில் மாட்டிய முகவரியை சப்ரஷனில் எத்தனை முறை எழுதினாலும் பலன் பூஜ்யம்.

"சப்ரஷன்ல போட்டுட்டேன், இன்னும் பிளாக் ஆகுது" என்ற புலம்பலுக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் இன்னும் சின்னது: பட்டியலில் கையால் எழுதிச் சேமித்துவிட்டு, அப்டேட் டேபுக்குப் போய் ஐபிக்கு ஃபோர்ஸ் ரீலோட் கொடுக்காமல் விடுவது. ஃபோர்ஸ் அப்டேட் கொடுத்தால் போதாது. அது புதிதாக இறங்க வேண்டிய ஃபீடுகளை மட்டும் பார்க்கும். ஏற்கெனவே இறங்கியவற்றை மறுபடி சலிக்க ரீலோட்தான் வேண்டும். மூன்றாவதாக, ஃபீடின் ஆக்‌ஷனை அலையஸ் நேட்டிவ் என்று வைத்திருந்தால் பட்டியல் வந்த வடிவத்திலேயே உள்ளே போகும். சப்ரஷன் என்பது டினை (தடுப்பு) வகைப் பட்டியல்களுக்கு மட்டும்.

பெரிய வரம்பில் சிக்கியதற்கு பிஎஃப்பிளாக்கர் வைத்திருக்கும் பதில், தனியாக ஒரு வொயிட்லிஸ்ட் அலையஸ் எழுதி அதற்கு பெர்மிட் அவுட்பவுண்ட் கொடுப்பது. ரூல் வரிசையை மாற்றாமல் விட்டிருந்தால் பெர்மிட், டினைக்கு மேலே நிற்கும், வேலை செய்யும்.

ஓபிஎன்சென்ஸில் சப்ரஷன் என்று ஒரு தனிப் பெட்டியே கிடையாது. பிளாக் ரூலுக்கு மேலே ஒரு பாஸ் ரூல், அவ்வளவுதான். /32 ஆனால் என்ன, /12 ஆனால் என்ன, ஐபிவி6 ஆனால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரே வழி. திரையைப் பார்த்தாலே எது முதலில் எது பிறகு என்று தெரிகிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தாலும் புரியும். எனக்கு இந்த வெளிப்படைத்தன்மை பிடிக்கும்.

இதிலும் பொறி உண்டு. பிளாக் ரூலை ஃப்ளோட்டிங்கில் (பல இன்டர்ஃபேஸ்களுக்குப் பொதுவான ரூல் பக்கம்) போட்டுவிட்டு, பாஸ் ரூலை லேன் (உள் நெட்வொர்க்) டேபில் போடுகிறவர்கள் பலர். ஃப்ளோட்டிங் முதலில் ஓடும். குவிக் டிக் ஆகியிருந்தால் அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடும், லேன் ரூல் வரை பாக்கெட் போகவே போகாது. இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

இன்னொரு வழி, ஒரு நெட்வொர்க் அலையஸுக்குள் ஃபீட் அலையஸின் பெயரையும், கூடவே ஆச்சரியக்குறி போட்ட உங்கள் விலக்கு முகவரியையும் எழுதுவது. பிஎஃப் டேபிளில் குறுகிய வரம்புதான் ஜெயிக்கும் என்பதால் ஒரு /20க்குள் இருக்கும் ஒரு /32ஐ இப்படிச் சுத்தமாக விடுவிக்கலாம். ஆனால் ஃபீடிலேயே அதே /32 தனியாக இருந்தால் இந்த முறையை நம்ப வேண்டாம். ஒரே முகவரி ஒரு டேபிளில் தடையாகவும் விலக்காகவும் சேர்ந்து இருக்க முடியாது.

இதுவரை படித்தால் ஓபிஎன்சென்ஸ்தான் உசத்தி என்று தோன்றும். ஒரு விஷயம் அதைச் சமன் செய்கிறது. பாஸ் ரூல் என்பது கதவை முழுதாகத் திறப்பது. அந்த முகவரிக்குப் போகும் எந்த போர்ட்டும், கீழே நீங்கள் எழுதிவைத்த எந்தக் கட்டுப்பாட்டையும் தாண்டிப் போய்விடும். சப்ரஷன் அப்படியல்ல: பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்கிறது, மற்ற ரூல்கள் அந்த முகவரிக்கும் பொருந்தும். ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் சிடிஎன் (பல தளங்களைப் பகிர்ந்த சர்வர்களிலிருந்து வழங்கும் வலைப்பின்னல்) காலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆகவே பாஸ் ரூலோ பெர்மிட் அவுட்பவுண்டோ எதுவானாலும் 443 போர்ட்டுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். பிஎஃப்பிளாக்கரில் அட்வான்ஸ்டு அவுட்பவுண்ட் அமைப்பில் இதற்கு இடம் இருக்கிறது.

இரண்டில் ஒன்று என்று கேட்டால் நான் பிஎஃப்பிளாக்கரைத்தான் எடுப்பேன், அதன் அலர்ட்ஸ் பக்கத்துக்காக. சப்ரஷன் பட்டியலில் /32ஐத் தவிர எதையும் எழுத மாட்டேன். மற்றதெல்லாம் போர்ட் சுருக்கிய பெர்மிட்.

ஃபயர்ஹோல் முதல் நிலையும் வீட்டுக்குள் விழுந்த அடியும்

ஃபயர்ஹோலின் லெவல் 1 பட்டியலை ஓபிஎன்சென்ஸில் ஒட்டி, லேனில் பிளாக் போட்டு, அடுத்த நொடி வேறு உள் நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர், என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி) எல்லாம் காணாமல் போவது வாடிக்கையான விபத்து. காரணம், அந்தப் பட்டியலுக்குள் ஃபுல்போகான்ஸ் அடக்கம்: இணையத்தில் புழங்கக் கூடாத எல்லா முகவரிகளும். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்று உங்கள் வீட்டு முகவரிகளும் அதில் உண்டு. 10.0.0.0/8 ஒன்றில் மட்டும் 1,67,77,216 முகவரிகள். ஒரு பட்டியல் எத்தனை கோடி முகவரியைத் தடுக்கிறது என்று பெருமை பேசினால் அதில் எவ்வளவு இந்த மாதிரிச் சரக்கு என்று கேளுங்கள்.

பிஎஃப்பிளாக்கரில் சப்ரஷன் டிக்கை ஆன் செய்திருந்தால் மேலே சொன்ன மூன்று உள் வரம்புகளையும் (ஆர்எஃப்சி 1918) லூப்பேக்கையும் அதுவே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அந்த டிக்கின் மதிப்பு இங்கேதான். கையால் எழுதும் விலக்குப் பட்டியல் அதற்கு அடுத்தபடி. ஓபிஎன்சென்ஸில் இந்தக் காவல் இல்லை. உள் நெட்வொர்க்குக்கான பாஸ் ரூலை மேலே வைப்பது உங்கள் பொறுப்பு.

ஆர்எஃப்சி 1918இல் சேராத இன்னொரு வரம்பு 100.64.0.0/10. 2012இல் ஆர்எஃப்சி 6598 இதை சிஜிநாட்டுக்கு (ஒரே பொது முகவரியை ஐஎஸ்பி பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் முறை) என்று ஒதுக்கியது. இந்தியாவில் பல ஃபைபர், மொபைல் இணைப்புகளில் ரவுட்டரின் வேன் (இணையம்) பக்கம் வருவது இந்த முகவரிதான். இதுவும் ஃபுல்போகான்ஸில் இருக்கிறது. ஐஎஸ்பியின் கேட்வேயோ டிஎன்எஸ்ஸோ இந்த வரம்புக்குள் இருந்தால், பட்டியல் ஏறியதும் உங்கள் பக்கத்துத் தொடர்பு விட்டுவிட்டுப் போகும். வேன் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் விலக்கு எழுதுங்கள். மல்டிகாஸ்ட் முகவரிகளுக்கும் இதே கதி. ஐபிடிவி திடீரென்று நின்றுபோனால் இங்கே தேடலாம்.

சூரிக்காட்டா

இது வேறு ரகம். முகவரியைப் பார்த்துத் தடுப்பதில்லை, போக்குவரத்தைப் படித்து அலர்ட் எழுப்பி, பிறகு தடுக்கிறது. பிஎஃப்சென்ஸில் லெகசி முறையில் ஓடினால், பிடிபட்ட ஐபி ஸ்னார்ட்2சி என்ற டேபிளில் போய் உட்காரும். இங்கே சப்ரஸ் லிஸ்ட், பாஸ் லிஸ்ட் என்று இரண்டு இருக்கின்றன, குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். சப்ரஸ் என்றால் குறிப்பிட்ட சிக்னேச்சருக்கு (எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் அடையாள விதி) அலர்ட்டே எழாது, அதனால் தடையும் விழாது. பாஸ் என்றால் அலர்ட் எழும், லாகில் பதிவாகும், ஆனால் அந்த ஐபி தடுக்கப்படாது. 2210 என்று தொடங்கும் ஸ்ட்ரீம் சிக்னேச்சர்கள் சும்மா கத்திக்கொண்டிருந்தால் சப்ரஸ். கிளை அலுவலக ஐபி, பேக்கப் சர்வர் மாதிரி எந்தக் காரணத்துக்காகவும் தடுக்கக் கூடாதவற்றுக்கு பாஸ். நம்பகமான சர்வர் என்பதற்காக அதை சப்ரஸில் போட்டால், நாளை அது உண்மையிலேயே பாதிக்கப்பட்டாலும் அந்த சிக்னேச்சரில் சத்தம் வராது.

பட்டியலை எழுதினால் மட்டும் போதாது. இன்டர்ஃபேஸ் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, இன்டர்ஃபேஸை மறுபடி ஓட்ட வேண்டும். ஏற்கெனவே டேபிளில் உட்கார்ந்திருக்கும் ஐபியை பிளாக்ஸ் டேபில் போய்த் தனியாக நீக்கவும் வேண்டும்.

சர்வர் பக்கம்

ஃபெயில்2பேனில் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பலம். ஜெயில்.லோக்கல் கோப்பில் இக்னோர்ஐபி என்று ஒரு வரி. தவறாகத் தடுக்கப்பட்டதை விடுவிக்க ஒரே கட்டளை. எதுவும் செய்யாவிட்டாலும் அதன் இயல்பான தடை 10 நிமிடத்தில் தானே விலகும்.

க்ரவுட்செக் தன் லாகைப் பார்த்துத் தடுப்பதோடு, மற்ற சர்வர்கள் புகார் சொன்ன முகவரிகளின் பொதுப் பட்டியலையும் இறக்கிக்கொள்கிறது. சிக்கல் அங்கே. பார்சர் (லாகைப் பிரித்துப் படிக்கும் பகுதி) அளவில் எழுதும் வொயிட்லிஸ்ட் உங்கள் லாகிலிருந்து வரும் தடையை மட்டும்தான் நிறுத்தும். பொதுப் பட்டியலில் வந்த முகவரிக்கு அது கட்டுப்படாது. ஆகவே முதலில் டிசிஷன் (போட்ட தடைகள்) பட்டியலை எடுத்து அதில் ஒரிஜின் என்ன என்று பாருங்கள். கேப்பி (பொதுப் பட்டியல்) அல்லது லிஸ்ட்ஸ் (சந்தா எடுத்த பட்டியல்) என்றிருந்தால் பார்சர் வொயிட்லிஸ்ட்டை விட்டுவிட்டு, புதிய பதிப்புகளில் வந்திருக்கும் அலௌலிஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டும். அது இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்தும். டிசிஷனை மட்டும் அழித்தால் இப்போதைக்கு வழி திறக்கும், அடுத்த முறை பட்டியல் இறங்கும்போது திரும்பி வந்துவிடலாம்.

எதிர்த்திசைப் புகார்

"லிஸ்ட் போட்டேன், பிளாக் ஆகவே இல்லை" என்பது இரண்டு இடங்களில் மாட்டும். ஒன்று, டேபிள் கொள்ளளவு. பிஎஃப்சென்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில் ஃபயர்வால் மேக்சிமம் டேபிள் என்ட்ரீஸ் என்று ஓர் எண் உண்டு. பட்டியல் அதைத் தாண்டினால் மெமரி ஒதுக்க முடியவில்லை என்ற பிழையோடு ரூல்கள் ஏறாமல் நிற்கும், பழைய ரூல்களே ஓடிக்கொண்டிருக்கும். மேலே மணி சின்னத்தில் வரும் அறிவிப்பைப் படிக்காமல் மூடுகிறவர்களுக்கு இது தெரியவே வராது. பெரிய ஃபீடுகள் போடுகிறவர்கள் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ரேம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஸ்டேட், அதாவது திறந்திருக்கும் இணைப்புகளை ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும் பதிவு. பட்டியல் ஏறுவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்பு, ஸ்டேட் டேபிளில் பதிவாகியிருப்பதால் ரூலைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும். பிஎஃப்பிளாக்கரில் இதற்கென்றே கில் ஸ்டேட்ஸ் என்ற டிக் உண்டு. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பிறகு தடைப்பட்ட முகவரிகளின் பழைய இணைப்புகளை அறுத்துவிடும். ஓபிஎன்சென்ஸில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் ஸ்டேட்ஸ் பக்கம் போய் அந்த ஐபியைத் தேடி நீங்களே அறுக்க வேண்டும்.

சோதனை செய்ய 203.0.113.45 மாதிரி முகவரியை எடுக்காதீர்கள். அது எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கிய வரம்பு, அந்தப் பக்கம் பதில் சொல்ல யாருமே இல்லை. ரூல் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் பிங் வராது. பட்டியல் கோப்பைத் திறந்து, டேபிளில் இருப்பதாக உறுதியான ஒரு முகவரிக்குப் பிங் கொடுத்துவிட்டு, பதிலைப் பார்க்காமல் லாகில் பிளாக் வரி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.