லித்தாப்ஸ், ஸ்ப்ளிட் ராக் தொகுப்பு: செடியை வாங்கலாம், கூட வரும் மண்ணில் நடாதீர்கள்

சக்குலன்ட் (சதைப்பற்றுள்ள) செடிகளை ஆன்லைனில் விற்கும் ஒரு கடையிலிருந்து 'புதிதாகத் தொடங்குபவர்களுக்கு' என்று போட்டிருந்த தொகுப்பை வாங்கினேன். மூன்று லித்தாப்ஸ், ஒரு ஸ்ப்ளிட் ராக், நட்டு வைக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு பை மண்கலவை, ஒரு பராமரிப்பு அட்டை. இரண்டுமே கல் போலத் தோன்றும் செடிகள், நடுவில் பிளவு விட்ட தடித்த இலை ஜோடிதான் உடல். பார்சலைப் பிரித்த கையோடு எழுதாமல், செடிகள் பூத்து, இலை மாற்றி முடிக்கும் வரை பொறுத்திருந்து எழுதுகிறேன். இந்த வகைச் செடி உள்ளே அழுக ஆரம்பித்தாலும் வெளியே தெரிய நாளாகும். அவசரமாக எழுதும் விமர்சனத்தை நம்பி யாரும் வாங்கக் கூடாது.

முதலில் செடிகள். மனசாரச் சொல்கிறேன், அருமை. மண் எதுவும் இல்லாமல் வேரை உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஈரப் பஞ்சு, பிளாஸ்டிக் உறை எதுவும் இல்லை. இவற்றை அனுப்ப அதுதான் சரியான முறை. பக்கவாட்டில் லேசான சுருக்கம் இருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேரில் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று துருவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. லித்தாப்ஸ் மூன்றின் வகைப் பெயர்ச் சீட்டும் தெளிவு: லெஸ்லியை, ஆகாம்பியே, கராஸ்மோன்டானா. முதல் இரண்டும் மஞ்சளாகப் பூக்கும், மூன்றாவது வெள்ளை.

லெஸ்லியையின் மேற்பரப்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துருப்பிடித்த பழுப்பு நிறத்துக்கு நடுவே கரும்பச்சையாகக் கிளைகிளையாக ஓடுவது வெறும் கோலம் இல்லை, ஜன்னல். அந்த இடத்தில் தோல் ஒளியை உள்ளே விடும். இயற்கையில் இந்தச் செடியின் உடல் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும். மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தை உள்சுவரில் இருக்கும் பச்சையம் வாங்கிக்கொள்கிறது. 1811இல் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பக்கத்தில் விசித்திரமான கூழாங்கல் என்று எண்ணி ஒன்றைக் கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்று கண்டுகொண்டார். ஸ்ப்ளிட் ராக்கும் அந்த நாட்டுச் செடிதான், கரூ வறண்ட நிலத்தது. உடல் முழுக்கக் கரும்புள்ளி தெளித்த சாம்பல் பச்சை. நடுப் பிளவில் அடுத்த ஜோடி இலையின் நுனி அப்போதே தெரிந்தது.

சரி, இனி குறைகளுக்கு வருகிறேன்.

மண்கலவைப் பையைத் திறந்ததும் கறுப்பாக, மெத்தென்று இருந்தது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம், மேலே பேருக்குக் கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்மணி). நனைத்துப் பிழிந்து பார்த்தேன், உருண்டையாகப் பிடித்துக்கொண்டது. லித்தாப்ஸுக்கான கலவை என்றால் கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். முக்கால் பங்குக்குக் குறையாமல் பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட், பருமணல் போன்ற கல் சமாச்சாரம் இருக்க வேண்டும். மணலையும் சலித்துத் தூசியைக் கழித்துவிட வேண்டும். தூசி தங்கினால் அடியில் சேறாகிவிடும். இவர்கள் கொடுத்த கலவை மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நடுவில் ஈரத்தை விடாது. சத்தும் அதிகம். இந்தச் செடிகள் சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் உப்பி வெடித்துவிடும். அந்தப் பையை ஃபெர்ன் செடிக்குப் போட்டேன், அது நன்றாகவே வளர்கிறது.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஓட்டை இல்லை, ஆழமும் இல்லை. இரண்டு வகைக்குமே கீழே இறங்கும் ஆணிவேர் உண்டு. பத்து சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். ஓட்டையுள்ள மண்தொட்டி போதும்.

ஆனால் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறு. நான்கு செடியையும் ஒரே கிண்ணத்தில் நடச் சொல்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டின் நாள்காட்டியும் வேறு என்று விற்பவருக்குத் தெரிய வேண்டாமா? லித்தாப்ஸ் இலையுதிர் காலத்தில் பூக்கும். பூ முடிந்ததும் உள்ளே புது ஜோடி வளரத் தொடங்கும், பழைய ஜோடியின் தண்ணீரை உறிஞ்சித்தான் அது வளரும். குளிர்காலம் முழுக்க, பழைய இலை காகிதமாகச் சுருங்கும் வரை ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. ஸ்ப்ளிட் ராக்கோ குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை பூக்கும். அந்தச் சமயத்தில் அதற்கு அளவாகத் தண்ணீர் தேவை. ஒரே கிண்ணம் என்றால் ஒன்று காயும், இல்லையேல் மற்றது அழுகும். வந்த அன்றே தனித்தனித் தொட்டியில் வைத்தேன்.

பராமரிப்பு அட்டை: 'வாரம் ஒருமுறை தண்ணீர், தினமும் லேசாகத் தெளிக்கவும்.' அந்த அட்டையைப் பின்பற்ற வேண்டாம். தெளித்தால் தண்ணீர் பிளவுக்குள் நிற்கும், அழுகல் அங்கிருந்தே ஆரம்பிக்கும். கிழமை பார்த்து ஊற்றாமல், செடியின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வேண்டாம். தொய்ந்து சுருக்கம் விழுந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும் வரை நன்றாக ஊற்றிவிட்டு, அப்புறம் மறந்துவிடுங்கள். இலை மாற்றும் சமயத்தில் மட்டும் சுருக்கத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். கடும் கோடையில் லித்தாப்ஸ் தூங்கும். ரொம்பவே வற்றினால் மேலாகக் கொஞ்சம் நனைத்தால் போதும்.

கடையின் விளம்பரப் படத்தையும் சொல்ல வேண்டும். அதில் ஸ்ப்ளிட் ராக் மூன்று நான்கு ஜோடி கொழுத்த இலைகளை அடுக்கி நிற்கிறது. செழிப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள். அது தண்ணீர் அதிகமானதன் அடையாளம். புது ஜோடி பெரிதாகும்போது பழைய ஜோடி வற்றிப் போக வேண்டும். வற்றவில்லை என்றால் தண்ணீரை நிறுத்துங்கள். எனக்கு வந்த செடியில் அந்தக் கோளாறு இல்லை, ஆனால் படம் தவறாக வழிகாட்டுகிறது. நீல நிற லித்தாப்ஸ் விதை என்று வேறு பல இடங்களில் விற்கிறார்களே, அந்த ஏமாற்று வேலையை இவர்கள் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான்குமே நலம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழும் ஜன்னலில் இருக்கின்றன. வெளிச்சம் போதாவிட்டால் லித்தாப்ஸ் மேல்நோக்கி நீண்டுவிடும். என்னுடையவை மண்ணோடு மண்ணாகத் தட்டையாகவே இருக்கின்றன. லெஸ்லியை பூத்தது, பிற்பகலில் விரிந்து உடம்பையே மறைத்துவிட்டது. கராஸ்மோன்டானா இலை மாற்றும்போது பழைய தோலுக்குள்ளிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு தலைகள் வந்தன. புது இலைகளின் பிளவு பழைய பிளவுக்குக் குறுக்காக அமைவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். காய்ந்த தோலைப் பிய்க்க எவ்வளவு ஆசை வந்தாலும் கை வைக்காதீர்கள், தானாக உதிரட்டும்.

செடிக்கும் பேக்கிங்குக்கும் ஐந்து நட்சத்திரம். மண், கிண்ணம், அட்டைக்கு ஒன்று. செடி மட்டும் தனியாக அனுப்புவீர்களா என்று கேட்டதற்கு முடியும் என்று பதில் வந்தது, அப்படியே வாங்குங்கள். கோடை உச்சத்தில் மட்டும் வரவழைக்க வேண்டாம், தூங்கும் செடி சீக்கிரம் வேர் பிடிக்காது. வெயில் தணிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது ஆர்டர் போடுங்கள்.