சாதாரண தரக் கணித வினாத்தாள் தொகுப்பு: வாங்கலாமா?

யாழ்ப்பாண நகரப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் இந்தக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பின் பலம், விடைகளைப் படிமுறையாகப் புள்ளி பிரித்துக் காட்டுவதுதான். கேத்திரகணித நிறுவலில் கூற்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுதாவிட்டால் புள்ளி எங்கே போகிறது என்று பார்த்தவுடன் விளங்கும்.

முதலாம் வினாத்தாள் அ பகுதியில் 25 சிறுவினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. 35 எடுத்துச் சித்தியடைந்தால் போதும் என்றிருக்கும் பிள்ளைக்கு இதுதான் பிடிமானம். அங்கேபோய் வெறும் விடையை மட்டும் போட்டிருக்கிறார்கள், என்ன கஞ்சத்தனமோ!

வரைபுத்தாள் இல்லை, தனியாக வாங்குங்கள். இரண்டாம் வினாத்தாளை 3 மணித்தியாலம் வைத்தே செய்விக்கவும்: இரண்டு பகுதியிலும் ஆறு ஆறு வினா இருக்கும், பகுதிக்கு 5 ஆக 10 வினா செய்தால் போதும். ஒரு பகுதியின் ஆறையும் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு நேரம் காணாது. தாள் மெல்லிசு, அழித்தால் கிழியும்.