ஒரே கூரையா, தனித்தனிப் பெட்டிகளா?

கலிஃபோர்னியாவின் மாஸ் லாண்டிங்கில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் இரண்டு மாபெரும் மின்கல நிலையங்கள் அருகருகே எழுந்தன. ஒன்று, பழைய மின் நிலையத்தின் டர்பைன் கூடத்துக்குள் அடுக்கிய 300 மெகாவாட் மின்கலங்கள். மற்றது, திறந்தவெளியில் மின்கலங்கள் அடங்கிய 256 தனிப் பெட்டிகள்.

2022 செப்டம்பரில் திறந்தவெளியில் தீப்பிடித்தது. எரிந்தது ஒரே பெட்டி. மக்கள் சன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். 2025 ஜனவரி 16 அன்று கூடத்துக்குள் பற்றிய தீயோ கட்டடத்தையே தின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பக்கத்துச் சதுப்பு நிலத்தின் மேல்மண்ணில் எரிந்த மின்கலங்களின் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் துகள்கள் படிந்தன.

பெட்டிகளுக்கு நிலம் கூடுதலாக வேண்டும், விசிறிகளின் இரைச்சலும் உண்டு. இரைச்சலுக்குச் சுவர் எழுப்பலாம். சேற்றில் கலந்த கோபால்ட்டை யார் பொறுக்குவது? என் ஊருக்கு இப்படியொரு நிலையம் வந்தால் பெட்டிகளுக்கே கை தூக்குவேன், அவற்றின் இடைவெளியை அளந்து பார்த்த பிறகு.