ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் ஒரு நாள்

போன மாதம் ஒரு சைக்கிள் குழுவோடு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன். வாடகை சைக்கிள், பின்னால் வரும் ஜீப், மதியச் சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம்.

மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். யாரையும் பின்தங்க விடாமல் ஒன்றாகவே கூட்டிப் போனார்கள். 52 வயதில் எனக்கு அது பெரிய ஆறுதல். 9ஆவது வளைவில் மூச்சு வாங்க நின்றோம். கீழே ஆழியாறு அணை, பக்கத்துப் பாறையில் குட்டியோடு ஒரு வரையாடு! காரில் பலமுறை போயிருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. வழிகாட்டித் தம்பி யாரையும் நெருங்கவோ பிஸ்கட் போடவோ விடவில்லை. வால்பாறைக்குப் பக்கத்துப் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குக் கூட்டம் சாலையைத் தாண்டும்வரை எல்லாரையும் பேசாமல் நிற்க வைத்தார். அந்த அக்கறைக்காகவே மறுபடி போவேன்.

குறையும் உண்டு. எனக்குக் கொடுத்த சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை, 22ஆவது வளைவில் சங்கிலி கழன்றுவிட்டது. ஜீப்பில் மாற்று சைக்கிள் இருந்தது, சரி. ஆனால் ஏற்றத்தில் விட்ட வேகம் திரும்பவில்லை. கிளம்பும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சின்னக் கியர் வேலை செய்கிறதா என்று கவனித்து வாங்குங்கள். அப்புறம், மழைச்சட்டை கட்டாயம். மேலே போனதும் தூறல் பிடித்துக்கொண்டது.