ஏறி இறங்கும் செய்தியும் குறுக்கே பாயும் செய்தியும்

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்றானதிலிருந்து, இங்கே பேச்செல்லாம் உருக்கையும் உதிரிபாகங்களையும் பற்றியே இருக்கிறது. படைக்கருவிகளை இணைக்கும் வலையமைப்பில் யாருக்கு எது தெரியவேண்டும் என்பதும் அதே அளவு கவனத்துக்குரியது.

ஏற்காட்டு மலைப்பாதையில் மழைநாளில் மண் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி அடிவாரத்துக்கு வருவதற்குள் பல வண்டிகள் மேலேறியிருக்கும். ஓட்டுநர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டால் உடனே பரவும். ஆனால் எந்தக் கொண்டை ஊசி வளைவு என்பதில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். படைகளின் முன்னுள்ள இரு வழிகளும் இவையே.

தெரியவேண்டியவர்க்கு மட்டும் தெரிவிக்கும் முதல் வழி, இரகசியத்தைக் காக்கிறது. ஆனால் அதன் விலை உயிராகவும் இருக்கலாம். 1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தம் நாட்டின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையே சுட்டு வீழ்த்தியதில் 26 பேர் இறந்தனர். ஹெலிகாப்டர்கள் அங்கே பறப்பதைக் கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர்கள் அறிந்திருந்தும், அது சுடும் விமானிகளைச் சென்றடையவில்லை. கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழுவும் உளவு அமைப்புகளுக்கிடையே இருந்த இத்தகைய இடைவெளிகளைச் சுட்டிக்காட்டியது.

எல்லோருக்கும் திறந்துவிடும் இரண்டாவது வழி விரைவானது, ஆனால் ஒரே ஓட்டையில் முழுவதும் ஒழுகக்கூடியது. 2001 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா, துறைகளுக்கிடையே படை வலையமைப்பு வழியாகச் செய்தி பகிர்வதை விரிவாக்கியது. 2010இல், கசிந்த இரண்டரை லட்சம் தூதரகத் தந்திகள் வெளியாகத் தொடங்கியதும், வெளியுறவுத் துறை தன் தரவுத்தளத்துக்கும் அந்தப் படை வலையமைப்புக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்தது. கசிவைவிட, சரிபார்க்காத செய்தி குவிந்து முடிவெடுப்பவரைத் திணறடிப்பதே பெரிய கேடு என்பது என் கணிப்பு.

ஆகவே நான் சாய்வது, 1940இல் பிரிட்டனின் போர்விமானப் படைத் தலைவர் டவுடிங் கையாண்ட முறையின் பக்கம். கடலோர ரேடார் நிலையங்கள் அளித்த, ஒன்றுக்கொன்று முரண்பட்ட தகவல்கள் அவரது தலைமையகமான பென்ட்லி பிரையரியில் இருந்த வடிகட்டும் அறைக்கு வந்தன. அங்கே ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட ஒரே சித்திரம், தலைமையகத்துக்கும் களத்தில் விமானங்களை ஏவும் அறைகளுக்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் சென்றது. மேலிடம் பார்த்து முடித்த பிறகுதான் கீழே அனுப்புவது என்ற வழக்கம் அங்கே இல்லை. பகிரப்பட்டது மூலத்தகவல் அன்று, சோதித்த முடிவு. பெற்றவர்களோ செயல்பட வேண்டியவர்கள்.

குறையும் உண்டு: அந்த ஓர் அறை திணறினால் எல்லாம் திணறும். வடிகட்டலைக் கீழ்நிலைத் தலைமையகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க டவுடிங் உடன்படவில்லை. அவர் பதவியிலிருந்து சென்ற பின்னரே அது பிரிக்கப்பட்டது.