பெரிய டேப்லெட் லேப்டாப்புக்குப் போட்டியா, காகிதத்துக்குப் போட்டியா?

13 இன்ச், 14 இன்ச் டேப்லெட் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதை வாங்கிவிட்டால் லேப்டாப் தேவைப்படாதா?" என்றுதான். விளம்பரமும் கீபோர்டு மாட்டிய படத்தைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறது. எனக்கென்னவோ ஒப்பிட வேண்டிய ஆளே வேறு என்று படுகிறது. பெரிய டேப்லெட் யாருக்கெல்லாம் நன்றாக உழைக்கிறது என்று பாருங்கள்: பிடிஎஃப்பில் திருத்தம் போடுகிறவர், படம் வரைகிறவர், இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கிறவர், கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கும் மாணவர். எல்லோருமே முன்பு காகிதத்தை வைத்துப் பிழைத்தவர்கள். பெரிய டேப்லெட்டின் முதல் போட்டியாளர் பிரிண்டர்தான். லேப்டாப் அப்புறம்.

சரி, காகிதம் என்றால் பெரும்பாலும் ஏ4. அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. இந்தப் பக்கம் எந்தத் திரையில் எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்குப் போட்டாலே பாதி முடிவு வந்துவிடும். 11 இன்ச் ஐபேட் ப்ரோவை நிமிர்த்தி வைத்தால் திரை சுமார் 160 மி.மீ. அகலம். ஏ4 பக்கம் அதில் 76 சதவீத அளவில்தான் உட்காரும். 10 பாயின்ட் எழுத்து ஏழரை பாயின்ட் ஆகிவிடும். 13 இன்ச் ஐபேடில் பக்கம் 89 சதவீதம், எழுத்து கிட்டத்தட்ட 9 பாயின்ட். ஆப்பின் மெனுப் பட்டை தின்னும் இடத்தை நான் கழிக்கவில்லை. அது எல்லாத் திரைக்கும் பொது.

எண்ணாகப் பார்த்தால் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 11 இன்ச் திரையில் ஒரு மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இரண்டு விரலால் விரித்துத்தான் பார்க்க வேண்டும். விரித்தால் பக்கத்தின் ஓரம் திரைக்கு வெளியே போய்விடும். திருத்தத்தை எழுத வேண்டியதோ அந்த ஓரத்தில்! மறுபடி சுருக்கு, எழுது, மறுபடி விரி. ஒரு அத்தியாயம் முடிவதற்குள் பேசாமல் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்றாகிவிடும். 13 இன்ச்சில் பக்கம் முழுசாக நிற்கிறது, கண்ணும் பேனாவும் மட்டும் நகர்கின்றன. பெரிய டேப்லெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான காரணம் இது ஒன்றுதான்.

இனி பெரியவற்றுக்குள்ளேயே எது என்ற கேள்வி. இங்கே எல்லோரும் சிப் எவ்வளவு வேகம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது திரையின் வடிவத்தை, அதாவது நீள அகல விகிதத்தை. ஐபேட் 4:3. சாம்சங்கின் டேப் அல்ட்ரா வரிசை 16:10, 2022-ல் வந்த எஸ்8 அல்ட்ராவிலிருந்தே 14.6 இன்ச். மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் ப்ரோ 3:2, 13 இன்ச். பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் என்பது மூலைக்கு மூலை அளந்தது. அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 14.6 இன்ச் சாம்சங்கை நிமிர்த்தி வைத்தால் அகலம் சுமார் 196 மி.மீ., 13 இன்ச் ஐபேடும் ஏறக்குறைய அதே அகலம், 198. கூடுதலாகக் கிடைத்ததெல்லாம் உயரத்தில்தான் போயிருக்கிறது. அதனால் ஏ4 பக்கம் சாம்சங்கில் 94 சதவீதம், ஐபேடில் 89. இந்த ஐந்து சதவீதத்துக்காக நூறு கிராமுக்கு மேல் கூடுதல் எடையைத் தூக்க வேண்டும். சர்ஃபேஸில் 87 சதவீதம். பக்கம் படிக்க மட்டும் என்றால் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

படுக்கவைத்தால் கதை மாறிவிடுகிறது. சினிமாஸ்கோப் வடிவில், அதாவது 2.39:1 விகிதத்தில் எடுத்த படத்தை 13 இன்ச் ஐபேடில் ஓடவிட்டால் திரையில் 44 சதவீதம் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான். சாம்சங்கில் அது மூன்றில் ஒரு பங்கு. படத்தின் பரப்பு அங்கே ஐபேடைவிட நாற்பது சதவீதம் பெரிதாக இருக்கும். அதற்குமேல் அதில் நான்கு ஸ்பீக்கர், கறுப்பை அசல் கறுப்பாகக் காட்டும் ஓலெட் திரை. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பதுதான் உங்கள் ஓய்வு என்றால், இதில் தயங்க ஒன்றுமில்லை. காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு இரண்டுமே சரி. அமெரிக்க காமிக்ஸ் பக்கம் சுமார் 168க்கு 260 மி.மீ.; 13 இன்ச் ஐபேடில் அது கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே முழுசாக விழுகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

பாடம் கேட்டுக்கொண்டே குறிப்பு எடுக்கிறவர்கள் திரையைப் பாதியாகப் பிரிப்பார்கள். 13 இன்ச் ஐபேடின் பாதி, ஒரு ஐபேட் மினியின் முழுத் திரையைவிடப் பெரியது. 11 இன்ச்சின் பாதி மினியைவிடக் கொஞ்சம் சின்னது. ஆக 11 இன்ச்சில் திரையைப் பிரிப்பது ஏதோ சமாளிப்பு. 13-ல் அது நிஜமாகவே வேலைக்கு ஆகிறது. சாம்சங்கில் பாதித் திரை இன்னும் அகலம், கிட்டத்தட்ட சதுரம். வீடியோ ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்கிறவர்களுக்கு வாகான வடிவம் அது.

பேனா விஷயத்தில் சாம்சங் தாராளம்: பெட்டியைத் திறந்தால் உள்ளேயே இருக்கிறது, அதைச் சார்ஜ் செய்யாமலும் எழுதலாம். ஆப்பிள் பேனாவைத் தனியாகத்தான் விற்கிறது, சர்ஃபேஸுக்கும் பெரும்பாலும் அதே நிலைமை. விலையை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு, ஐபேட் கொஞ்சம்தானே கூட என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. பேனா, கீபோர்டு, உறை எல்லாவற்றையும் கூட்டியபிறகு வரும் தொகைதான் விலை.

எடை என்று வந்தால் பெரிய டேப்லெட் சின்னதிடம் தோற்கும், அதில் வாதாட இடமில்லை. 2015-ல் வந்த முதல் 12.9 இன்ச் ஐபேட் ப்ரோ 713 கிராம். 2024-ன் 13 இன்ச் ப்ரோ 579 கிராம், தடிமன் 5.1 மி.மீ. இவ்வளவு இறங்கியும், ஒரு கையில் பிடித்துக்கொண்டு படுத்தபடி நாவல் படிக்க முடியுமா என்றால், பத்து நிமிஷத்தில் மணிக்கட்டே பதில் சொல்லிவிடும். ஐபேட் மினி 293 கிராம். சாம்சங் எஸ்10 அல்ட்ரா 718 கிராம், மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்கம் சொக்கும் நேரத்தில் அதை முகத்துக்கு நேரே பிடிப்பது வீர விளையாட்டு. எழுத்து மட்டும் உள்ள புத்தகத்துக்குத் திரை பெரிதாக இருந்து லாபமில்லை, வரி நீண்டு கண்தான் அலையும். வாசிப்பு என்றால் உங்களுக்கு நாவல்தான் என்றால் எட்டு இன்ச் போதும். பெரியது மேசைக்கும் மடிக்கும் ஸ்டாண்டுக்கும் செய்தது.

லேப்டாப்போடும் ஒப்பிட்டுவிடுவோம், நீங்கள் விடமாட்டீர்கள். 13 இன்ச் ஐபேட் ப்ரோவையும் மேஜிக் கீபோர்டையும் சேர்த்து நிறுத்தால், 13 இன்ச் மேக்புக் ஏரின் 1.24 கிலோவை ஒட்டி வந்துவிடுகிறது. எடையில் மிச்சம் ஒன்றுமில்லை, பணத்தில் மிச்சம் இல்லவே இல்லை. மென்பொருள் பக்கம் முன்னேற்றம் உண்டு. 2020-ல் டிராக்பேட் வந்தது, 2025-ல் வந்த ஐபேட் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26-ல் ஜன்னல்களை இஷ்டத்துக்கு இழுத்து வைக்கலாம், மேலே மெனுவும் வந்துவிட்டது. சாம்சங்கில் டெக்ஸ் என்ற பெயரில் ஜன்னல்கள் பல வருஷமாகவே இருக்கின்றன. பார்க்க லேப்டாப் மாதிரியேதான் இருக்கும். இடிப்பதெல்லாம் வேலையின் நடுவில்தான். ஐபேடில் இருக்கும் எக்ஸெல், மேக்ரோவை (ஷீட்டுக்குள் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட்டாது. அலுவலகத்திலிருந்து மேக்ரோ வைத்த ஒரு ஷீட் வந்தால், அதைத் திறந்து அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். பிரவுசரில் அலுவலகம் போடச் சொல்லும் எக்ஸ்டென்ஷன், பழைய தளங்கள் கேட்கும் விசித்திரமான அப்லோட், இப்படிச் சில்லறை வேலைகளில்தான் நேரம் போகும். நிரல் எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐபோன் ஆப் எழுதப் பயன்படும் எக்ஸ்கோடையே ஆப்பிள் ஐபேடுக்குத் தரவில்லை.

சர்ஃபேஸ் ப்ரோ இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கிறது, அதில் ஓடுவது முழு விண்டோஸ். ஆனால் 2024 மாடல் கீபோர்டு இல்லாமலேயே 895 கிராம். விண்டோஸ் ஆப் பலவும் மவுஸை மனத்தில் வைத்துச் செய்தவை, பொத்தான்கள் விரலுக்குச் சின்னது. லேப்டாப்பாக அது நல்ல லேப்டாப். சோபாவில் சாய்ந்து பார்க்கும் டேப்லெட்டாக அதை யாரும் கொண்டாடிக் கேட்டதில்லை. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், வேலைக்கு விண்டோஸ் கட்டாயம், நடுநடுவே பேனாவும் வேண்டும் என்கிறவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

ஏற்கெனவே மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. சைட்கார் வசதி 2019-லிருந்தே உண்டு. ஐபேடைப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாவது திரை ஆகிவிடும், பேனாவும் அதில் வேலை செய்யும். சாம்சங் டேப்பும் விண்டோஸ் லேப்டாப்புக்கு இதேபோல் கம்பி இல்லாமல் இரண்டாம் திரையாக நிற்கும். லேப்டாப்பை விரட்டுவதைவிட அதற்குப் பக்கத்தில் உட்கார்வதுதான் பெரிய டேப்லெட்டுக்குப் பிடித்த வேலை என்பேன்.

வேலையும் ஓய்வும் ஒரே கருவியில் என்றால் இன்னொரு தலைவலி உண்டு, விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. படம் உச்சத்தில் இருக்கும்போது மேலே அலுவலகச் செய்தி எட்டிப் பார்க்கும். வீட்டில் மற்றவர்களும் எடுத்துப் பார்க்கிற கருவி என்றால், உங்கள் மெயில் அவர்கள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாம்சங் டேப்லெட்டில் ஆளுக்கொரு கணக்கு போட்டுக்கொள்ளலாம். ஐபேடில் வீட்டு உபயோகத்துக்கு அந்த வசதி இன்றுவரை இல்லை. பள்ளி, நிறுவனங்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. குடும்பத்துக்கே பொதுவாக ஒன்று என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சாம்சங் பக்கம் சாய்வேன். ஐபேட்தான் என்று முடிவானால், அலுவலக மெயிலையும் சாட்டையும் அதில் போடவே வேண்டாம். திருத்த வேண்டிய பிடிஎஃப் மட்டும் வரட்டும், பதில் எழுதுவது லேப்டாப்பில் இருக்கட்டும். இப்படிப் பிரித்துக்கொண்டால் டேப்லெட்டைக் கையில் எடுத்தாலே வேலை ஞாபகம் வருவது குறைகிறது.

13 இன்ச் ஐபேடில் ப்ரோவா ஏரா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 13 இன்ச் ஏர் 2024-லிருந்து கிடைக்கிறது. எல்சிடி திரை, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்), 617 கிராம். ப்ரோவில் ஓலெட், 120 ஹெர்ட்ஸ். வரைகிறவர்களுக்குப் பேனாவுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள அந்த இம்மி தாமதம் தெரியும், இருட்டில் படம் பார்க்கிறவர்களுக்குக் கறுப்பின் ஆழம் தெரியும். பிடிஎஃப்புக்கும் குறிப்புக்கும் ஏர் தாராளம்.

மின்மை (இ-இங்க்) டேப்லெட்டையும், அதாவது காகிதம் போலத் தெரியும் திரை உள்ளதையும் விட்டுவிடக் கூடாது. பூக்ஸ் டேப் எக்ஸ் போன்றவை 13.3 இன்ச்சில் வருகின்றன, ஏ4 பக்கத்துக்கென்றே செய்த மாதிரி. நாள் முழுக்கக் கறுப்பு-வெள்ளைப் பக்கங்களைப் படித்துக் கோடு போடுகிறவருக்குக் கண் களைக்காது, வெயிலிலும் தெரியும். படம், வண்ணம், வேகமாகப் பக்கம் புரட்டுவது என்று எதைக் கேட்டாலும் திணறும். ஓய்வுக்கும் அதுவே வேண்டும் என்றால் ஏமாற்றம்தான்.

பழையது வாங்குகிறவர்களுக்கு 12.9 இன்ச் ஐபேட் ப்ரோ நல்ல பேரம். 2018 மாடலிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ஐபேட்ஓஎஸ் 26 ஓடுகிறது, யுஎஸ்பி-சி இருக்கிறது, 120 ஹெர்ட்ஸ் திரையும் இருக்கிறது. 2015, 2017 மாடல்களைத் தொடாதீர்கள். வாங்கும்போது சமமான மேசையில் குப்புற வைத்துப் பாருங்கள், மெலிசான உடம்பு பையில் அழுந்தி லேசாக வளைந்திருக்கலாம். அப்புறம் பேனா: 2018 முதல் 2022 வரை வந்த 12.9 ப்ரோக்களுக்கு இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில், 2024 முதல் வந்த 13 இன்ச் ப்ரோவுக்கும் ஏருக்கும் பென்சில் ப்ரோ. ஒன்று மற்றதில் எழுதாது. விற்கிறவர் தருகிற பேனாவை அந்தத் திரையிலேயே ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.